ஆறாவது இடம்

போக்கிமான் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது டிவி கார்ட்டூன். மஞ்சள் எலி, தொப்பி போட்ட பையன், அவன் வீசும் சிவப்பு வெள்ளைப் பந்து. அந்த உலகத்துக்குள்ளேயே மண்டையைக் காயவைக்கும் ஒரு ஆட்டம் இருக்கிறது என்பது அதை ஆடியவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு பேர், ஆளுக்கு ஆறு போக்கிமான்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு மூவ்கள். ஒருவருடைய ஆறும் விழுந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. கல்லூரி விடுதியில் இருந்த வருடங்களில் நான் இதில் ஊறிக் கிடந்தேன். ஆடியதைவிட, ஆடுவதற்கு முன்னால் அந்த ஆறு பேரை யோசித்து யோசித்துச் சேர்த்த நேரம்தான் எனக்கு அதிகச் சந்தோஷம் தந்தது. எதையாவது முழு மனதோடு கற்றுக்கொண்டேன் என்று சொல்ல முடியுமானால் அது இந்த வேலையைத்தான்.

இந்த விளையாட்டின் முதல் பதிப்பு 1996 பிப்ரவரியில் ஜப்பானில் வந்தது. நின்டெண்டோவின் கேம் பாய் கருவிக்காக சதோஷி தஜிரியின் கேம் ஃப்ரீக் நிறுவனம் உருவாக்கியது. அதில் 151 போக்கிமான்கள். நாங்கள் ஆடிய காலத்தில், அதாவது எக்ஸ், ஒய் பதிப்புகள் வந்த 2013க்குப் பிறகு, எண்ணிக்கை எழுநூறைத் தாண்டிவிட்டது. ஒவ்வொன்றும் நெருப்பு, நீர், புல், மின்சாரம், பாறை, இரும்பு, டிராகன் என ஏதாவது ஒரு வகையைச் சேர்ந்தது. பலவற்றுக்கு இரண்டு வகை. மொத்தம் 18 வகைகள். நீர் நெருப்பை அடித்தால் சேதம் இரண்டு மடங்கு. நெருப்பு நீரை அடித்தால் பாதிதான். மின்சாரம் மண்ணை அடித்தால் ஒன்றுமே ஆகாது. இரண்டு வகையும் ஒரே அடிக்குப் பலவீனமாக அமைந்துவிட்டால் நான்கு மடங்கு. ஒவ்வொரு முறையும் ஒருவர் அடிக்கலாம், இல்லையென்றால் ஆளை மாற்றலாம். மாற்றினால், புதிதாக உள்ளே வருகிறவன் எதிராளியின் அடியை வாங்கிக்கொண்டுதான் நிற்க வேண்டும். யாருக்கு விழும் அடியை யார் தாங்குவது என்ற கேள்வியிலிருந்துதான் அணி கட்டுவது என்கிற கலையே பிறக்கிறது.

கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரி விடுதி. நின்டெண்டோ கருவி எங்களில் யாரிடமும் கிடையாது. வாங்கும் வசதியும் இல்லை, பக்கத்துக் கடைகளில் பார்த்ததும் இல்லை. எங்களுக்கு வாய்த்தது போக்கிமான் ஷோடவுன். 2011இல் ஸாரல் என்ற பெயரில் அறியப்படும் ஒரு நிரலாளர் தொடங்கிய இலவசத் தளம் அது. பிரவுசரைத் திறந்தால் போதும், உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரோடும் ஆடலாம். போக்கிமானைப் பிடித்து, மாதக்கணக்கில் வளர்த்து, லெவல் ஏற்ற வேண்டிய அவசியம் இல்லை. எது வேண்டுமோ அதை எடுத்து, எண்களை நிரப்பி, நேராகக் களத்தில் இறங்கலாம். பெரும்பாலும் எழுத்தாலேயே நடக்கும் ஆட்டம் என்பதால், வீடியோ திறக்கத் திணறும் விடுதி இணையத்தில்கூட அது ஓடும். இரவு மெஸ் முடிந்து வந்தால் எங்கள் வராந்தாவில் நாலைந்து லேப்டாப்களில் அது திறந்திருக்கும்.

எனக்கு இதைக் கற்றுக் கொடுத்தவர் திருநெல்வேலிக்காரர். மெக்கானிக்கல், எனக்கு இரண்டு வருடம் சீனியர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே குறிப்பிடுகிறேன். அவர் ஆடுவதை வேடிக்கை பார்க்கப் பெரிய கூட்டம் சேராது. அவர் அணி கட்டும்போது சேரும். பழைய நோட்டில் ஆறு கோடு போட்டுக்கொண்டு, முதல் கோட்டில் ஒரு பெயரை எழுதிவிட்டு, சில நேரம் ஒரு மணி நேரம்கூட அடுத்த கோட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருப்பார்.

"ஏலேய், யாரைக் கொண்டு ஜெயிக்கப் போற? அதை முதல்ல சொல்லு. மத்த அஞ்சு பேரும் அவனுக்காக வேலை பாக்க வந்தவனுவ."

நான் சொன்ன பெயர் வால்கரோனா. பட்டுப்பூச்சி மாதிரி, நெருப்புச் சிறகுகள் உள்ள போக்கிமான். லார்வெஸ்டா என்கிற புழு 59ஆம் லெவல் வரை புழுவாகவே இருந்து, அதற்குப் பிறகுதான் இப்படிச் சிறகு விரிக்கும். அதன் அழகுக்காகவே எனக்குப் பிடிக்கும். ஆட்டத்திலும் அது சாதாரணம் இல்லை. க்விவர் டான்ஸ் என்ற மூவை ஒரு தடவை போட்டால் அதன் சிறப்புத் தாக்குதல், சிறப்புத் தற்காப்பு, வேகம் மூன்றும் ஒன்றரை மடங்காகும். அடி வாங்காமல் ஒரே ஒரு முறை கிடைத்துவிட்டால், அதற்குப் பிறகு எதிரணியில் மிஞ்சியிருப்பவர்களை ஒவ்வொருவராகச் சாய்த்துவிட்டுப் போகும்.

அண்ணன் முதல் கோட்டில் அதை எழுதினார். பக்கத்தில் அதைக் கொல்லக்கூடியவர்களின் பெயர்களை எழுதச் சொன்னார். அந்தப் பட்டியல்தான் அணி என்பது அவர் சொன்னதன் சாரம்.

பட்டியலில் முதலில் வந்தது ஒரு போக்கிமானே அல்ல. ஸ்டெல்த் ராக் என்கிற மூவ். 2006இல் டயமண்ட், பேர்ல் பதிப்புகளோடு வந்து, இந்த ஆட்டத்தையே தலைகீழாக மாற்றியது. யாராவது ஒருவர் அதைப் போட்டுவிட்டால் எதிரணியின் பக்கம் கூரான கற்கள் மிதந்துகொண்டிருக்கும். அதன் பிறகு உள்ளே வரும் ஒவ்வொரு போக்கிமானையும் அவை குத்தும். பாறை வகைக்குச் சாதாரணமாக இருப்பவன் உயிரில் எட்டில் ஒரு பங்கை இழப்பான். பூச்சியும் நெருப்புமான வால்கரோனாவுக்குப் பாறை நான்கு மடங்கு வலி. உள்ளே காலை வைத்ததுமே பாதி உயிர் போய்விடும். இரண்டு தடவை வந்தால் கதை முடிந்தது. ஆகவே கற்களைத் துடைக்க ஒருவர் வேண்டும். டிஃபாக் என்ற மூவ் அதைச் செய்யும். அது தெரிந்தவர்களில் மற்ற வேலைகளுக்கும் ஆகிறவர் லாட்டியாஸ். டிராகனும் மனோசக்தியும் சேர்ந்த வகை, மிதப்பதால் மண் அடி படாது, நெருப்பு, நீர், புல், மின்சாரம் எல்லாவற்றையும் பாதியாக வாங்கும், ரூஸ்ட் போட்டுத் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும். இரண்டாம் கோடு நிரம்பியது.

அடுத்தது ஹீட்ரான். நெருப்பும் இரும்பும். நெருப்பு அடியை அப்படியே விழுங்கிக்கொள்ளும், பூச்சி அடி அதன்மேல் கால் பங்குதான் விழும். என் பட்டுப்பூச்சி எத்தனை முறை ஆடினாலும் அதன் முன்னால் ஒன்றும் எடுபடாது. மண் அடிக்கு மட்டும் ஹீட்ரான் நான்கு மடங்கு பலவீனம். ஆகவே எர்த்க்வேக் வைத்திருக்கும் லாண்டோரஸின் தெரியன் வடிவம். அது உள்ளே வந்ததுமே எதிரியின் உடல் தாக்குதலைக் குறைக்கும், மின்சாரம் அதைத் தொடாது. நம் பக்கத்துக்கான ஸ்டெல்த் ராக்கையும் அதுவே போடும். அண்ணனுக்குப் பிடித்த தேர்வுகள் எல்லாம் இந்த மாதிரிதான். ஒருவனைச் சேர்த்தால் ஒன்றுக்கு மேற்பட்ட வேலை நடக்க வேண்டும்.

டாலன்ஃப்ளேம் என்ற பருந்து அப்போது எல்லா அணியிலும் இருந்தது. பறக்கும் அடிகளை எல்லாருக்கும் முன்னால் அடிக்கும் தனித் திறமை அதற்கு. அதைத் தாங்க ரோட்டமின் வாஷிங் மெஷின் வடிவம். ஆமாம், துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் புகுந்த ஆவி. மின்சாரமும் நீரும், கூடவே மிதக்கும் குணம், புல் ஒன்றைத் தவிர வேறு எதற்கும் பலவீனம் இல்லை. அந்தப் புல்லை லாட்டியாஸும் வால்கரோனாவும் வாங்கிக்கொள்வார்கள்.

ஐந்தாவது சைசர், அதுவும் மெகா வடிவம். லாட்டியாஸ் ஆறு வகை அடிகளுக்குப் பலவீனம்: பனி, பூச்சி, பேய், இருள், டிராகன், தேவதை. இவற்றில் நான்கைச் சைசர் பாதியாக வாங்கும். சைசருக்கு இருக்கும் ஒரே பலவீனம் நெருப்பு, அதுவும் நான்கு மடங்கு. அந்த நெருப்பை லாட்டியாஸும் ரோட்டமும் தாங்கும். இப்படி ஒருவர் முதுகை ஒருவர் காப்பதை முதல் முறை நோட்டில் அம்புக்குறி போட்டுப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆறு பெயர்களுக்கு நடுவே குறுக்கும் நெடுக்குமாக ஓடும் அந்தக் கோடுகளைப் புள்ளிக்கோலம் என்றே சொல்லலாம். ஒரு புள்ளியை எடுத்தால் எத்தனை கோடுகள் அறுந்து தொங்கும் என்பது பார்த்த உடனே தெரியும்.

ஆறாவது இடம் எப்போதுமே கஷ்டம். மற்ற ஐந்தும் விட்ட ஓட்டைகள் எல்லாம் அங்கே வந்து குவியும், நிரப்ப ஒரே ஒரு ஆள். எங்கள் கணக்கில் மிஞ்சிய எதிரிகள் டைரனிடாரும் பிஷார்ப்பும். டைரனிடார் நெருப்பைத் தாங்கிப் பாறையால் அடிக்கும். பிஷார்ப் இன்னும் விஷமம். வேகம், தற்காப்பு மாதிரி அதன் குணம் ஒன்றை எதிராளி குறைத்தால் கோபித்துக்கொண்டு தாக்குதலை இரட்டிப்பாக்கிக்கொள்ளும். டிஃபாக் கற்களைத் துடைப்பதோடு எதிராளியின் தப்பிக்கும் திறனையும் குறைக்கும் என்பதால், லாட்டியாஸ் கற்களைத் துடைக்கும் தருணத்தில் பிஷார்ப்பை உள்ளே விட்டால் அது இரட்டைப் பலத்தோடு வந்து நிற்கும். இந்த இரண்டு பேரும் சண்டை வகை அடிக்கு நான்கு மடங்கு பலவீனம். நீரும் சண்டையுமான கெல்டியோ அவர்கள் இருவரையும் ஒரே அடியில் சாய்க்கும். ஆறாவது கோட்டில் கெல்டியோ.

ஆட்களைச் சேர்த்தால் பாதி வேலைதான் முடிந்தது. ஒவ்வொருவருக்கும் பயிற்சிப் புள்ளிகள் உண்டு. மொத்தம் 510, ஒரு குணத்துக்கு அதிகபட்சம் 252. நூறாம் லெவலில் நான்கு புள்ளி கொடுத்தால் ஒரு எண் ஏறும். இதைத் தவிர 25 விதமான சுபாவங்கள். அவற்றில் பெரும்பாலானவை ஒரு குணத்தைப் பத்து சதவீதம் கூட்டி இன்னொன்றைப் பத்து சதவீதம் குறைக்கும். வால்கரோனாவுக்கு எந்தச் சுபாவம் என்பதில் எனக்கும் என் அறைத்தோழனுக்கும் பெரிய வாக்குவாதம். அவன் தாக்குதலைக் கூட்டும் மாடஸ்ட் வேண்டும் என்றான். நான் வேகத்தைக் கூட்டும் டிமிட் என்றேன். அண்ணன் நடுவில் புகுந்து யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்லவில்லை. நோட்டில் எண்களை எழுதினார். மாடஸ்ட் வால்கரோனா ஒரு தடவை ஆடினால் வேகம் 448. டிமிட் ஆடினால் 492. எதிரணியின் லாண்டோரஸ் வேகம் தரும் சாய்ஸ் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு, ஜாலி சுபாவத்தில் முழு வேகத்தில் வந்தால் 463. அந்தக் காலத்தில் ஸ்கார்ஃப் லாண்டோரஸைச் சந்திக்காமல் ஒரு இரவு ஆட முடியாது. அவன் ஸ்டோன் எட்ஜால் பாறையை எறிந்தால் வால்கரோனா காலி. 448க்கும் 492க்கும் நடுவில் 463 உட்கார்ந்திருந்தது. வாக்குவாதம் அதோடு முடிந்தது. ஆனால் அதே ஸ்கார்ஃபை ஜாலி கார்ச்சோம்ப் கட்டினால் 499, டிமிட்டையும் முந்திவிடும். அதற்கு நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. கார்ச்சோம்ப் தலை தெரிந்தால் லாட்டியாஸையும் சைசரையும் வைத்து முதலில் அதை முடித்துவிட வேண்டும் என்று பக்கத்தில் குறித்துக்கொண்டோம்.

ரோட்டமுக்கு வேறு கணக்கு. தாக்குதலைக் கூட்டும் சுபாவத்தில், வேகத்துக்கு முழுப் புள்ளியும் கொடுத்த பிஷார்ப்பின் வேகம் 239. ரோட்டமுக்கு 128 புள்ளி கொடுத்தால் 240. அந்த ஒரு எண் அதிகம் இருந்தால் அவன் அடிப்பதற்கு முன்னால் தீக்காயம் கொடுத்து அவன் தாக்குதலைப் பாதியாக்கலாம். எதிராளியும் இதே கணக்கைப் போட்டிருந்தால் அவன் தன் ரோட்டமை 241 ஆக்கியிருப்பான், அடுத்தவன் 242. ஒவ்வொரு புள்ளியும் உடல் பலத்திலிருந்து பிடுங்கிக் கொடுத்தது என்பதால் இந்தப் போட்டி ஒரு இடத்தில் நின்றே ஆக வேண்டும். எங்கே நிறுத்துவது என்று முடிவெடுப்பதில் ஒரு ஆட்டக்காரனின் குணம் தெரிந்துவிடும் என்று நான் இன்றும் நம்புகிறேன்.

இந்த இடத்தில்தான் எனக்கு மிகப் பெரிய பாடம் கிடைத்தது. எதிராளிகளில் ஸ்டால் அணிக்காரர்கள் என்று ஒரு சாரார் உண்டு. அவர்கள் அடிக்கவே மாட்டார்கள். சான்சி, ஸ்கார்மரி, குவாக்சையர் என்று அசைக்க முடியாத உடம்புகளை வரிசையாக நிறுத்தி, விஷமும் கல்லும் போட்டு, நூறு முறைக்கு மேல் இழுத்து நம்மை ஓயவைப்பார்கள். என் வால்கரோனாவைச் சான்சி நிறுத்திவிடும். சைசரையும் லாண்டோரஸையும் ஸ்கார்மரி நிறுத்திவிடும். கெல்டியோவுக்கு வேகம் தரும் ஸ்கார்ஃபுக்குப் பதிலாகச் சாய்ஸ் ஸ்பெக்ஸ் மாட்டினால் சிறப்புத் தாக்குதல் ஒன்றரை மடங்காகி, இந்தச் சுவர்களை உடைக்கலாம். "மாத்திடலாமாண்ணே?" என்று கேட்டேன்.

"மாத்து. ஆனா ஸ்கார்ஃப் போச்சுன்னா வேகமா ஓடுதவனை யாரு பிடிக்கது? எதிராளி டிராகனைட் ஒரு டான்ஸ் போட்டு வந்து நின்னா உன் ஆறு பேரும் வரிசையா விழுவானுவ. ஸ்டால்காரன் பத்துக்கு ஒருத்தன் வருவான். அவன்கிட்ட தோத்துட்டுப் போலாம். எவன்கிட்ட தோக்கலாம்னு முடிவு பண்ணுறவன்தாம்ல டீம் கட்டத் தெரிஞ்சவன்."

அதுவரை சமநிலை என்றால் எல்லா ஓட்டைகளையும் அடைப்பது என்றுதான் எல்லோரும் பேசிக் கேட்டிருந்தேன். ஆறு இடங்களில், இருபத்து நான்கு மூவ்களில், எழுநூறு போக்கிமான்களையும் தடுக்கக் கணிதத்தில் இடமே இல்லை. எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் பதில் வைத்திருக்கும் அணி எதற்கும் முழுப் பதில் இல்லாத அணியாகிவிடும். எங்கள் அணியையே எடுத்துக்கொண்டால், பேய் வகை அடியைப் பாதியாகத் தாங்க ஆறில் ஒருவரும் இல்லை. அதை நாங்கள் தெரிந்தே விட்டோம். கெங்கார் மாதிரிப் பேய்களுக்கு உடம்பு மெலிசு, ஸ்கார்ஃப் கட்டிய கெல்டியோ அவற்றை முந்திக்கொண்டு அடிக்கும், அது போதும் என்று கணக்குப் போட்டோம். எந்த இழப்பை ஏற்றுக்கொள்கிறோம் என்பது தெளிவாக இருந்தால் மிச்ச இடங்களில் உறுதியாக நிற்கலாம்.

இந்த முடிவுக்கு உதவ ஒரு நல்ல கருவி இருந்தது. 2004இல் தொடங்கிய ஸ்மோகன் என்ற சமூகம் போக்கிமான்களைப் பயன்பாட்டின்படி அடுக்குகளாகப் பிரிக்கிறது. மேலடுக்கான ஓயூவில் ஒரு போக்கிமான் இடம் பெற, அந்தக் காலத்தில் குறைந்தது 3.41 சதவீத அணிகளில் அது இருக்க வேண்டியிருந்தது. இந்த விசித்திரமான எண்ணுக்கு அர்த்தம் உண்டு. 20 ஆட்டங்கள் ஆடினால் ஒரு முறையாவது அதை எதிரில் சந்திக்கும் வாய்ப்பு சரிபாதி என்றால், ஒரு ஆட்டத்துக்கான பங்கு அவ்வளவுதான் வரும். மாதாமாதம் அந்தப் புள்ளிவிவரம் வெளியாகும். யார் எவ்வளவு வருகிறார்கள், என்ன பொருள் கட்டியிருக்கிறார்கள், யாரோடு சேர்ந்து வருகிறார்கள், எல்லாம் அதில் இருக்கும். அண்ணன் அதைப் பரீட்சைக்குப் படிப்பதைவிடக் கவனமாகப் படிப்பார். எவரிடம் தோற்கலாம் என்று அவர் சொன்னது இந்த எண்களைப் பார்த்துத்தான்.

அணிகளின் சரித்திரத்தையும் அவரே சொன்னார். 2010இல் வந்த பிளாக், ஒயிட் பதிப்புகளில் பொலிடோட் உள்ளே வந்தாலே நிற்காத மழை. மழையில் வேகம் இரட்டிப்பாகும் கிங்ட்ரா மாதிரியானவர்களைச் சேர்த்துக்கொண்டு ஆடியவர்களை எதிர்க்க வழியே இல்லாமல் போனது. 2011இல் அந்தச் சமூகம் பேசி முடிவெடுத்து, மழை வரவழைக்கும் திறமையும் மழையில் ஓடும் திறமையும் ஒரே அணியில் இருக்கக் கூடாது என்று விதி போட்டது. தனித்தனியாக இரண்டும் அனுமதி, சேர்ந்தால் தடை. ஒரு நிறுவனமும் சொல்லாமல், ஆடுகிறவர்களே தங்கள் ஆட்டத்தைக் காப்பாற்றப் போட்ட விதி அது. எனக்கு அதன் மேல் பெரிய மரியாதை உண்டு. பெரிய அணி கட்டும் வேலையை ஊரே கூடிச் செய்கிறது என்று தோன்றும். 2013 பதிப்புகளில் கேம் ஃப்ரீக்கே அப்படிப்பட்ட மழையை ஐந்து முறைக்குச் சுருக்கிவிட்டது.

2014 ஆகஸ்டில் வாஷிங்டனில் உலகப் போட்டி நடந்தது. அதிகாரபூர்வப் போட்டிகள் இரட்டையர் முறையில் நடக்கும். ஆறு பேரைக் கொண்டு போய், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நான்கு பேரைத் தேர்ந்தெடுத்து, இரண்டிரண்டாக இறக்க வேண்டும். அந்த வருடம் பட்டம் வென்றவர் கொரியாவின் சேஜுன் பார்க். அவருடைய அணியில் மெகா கியாரடோஸ், கார்ச்சோம்ப், கார்டெவோர், டாலன்ஃப்ளேம், கோதிடெல் இருந்தன. ஆறாவதாகப் பச்சிரிசு. வெள்ளையும் நீலமுமான ஒரு குட்டி அணில். அடிப்படை எண்களைக் கூட்டினால் 405தான் வரும், கார்ச்சோம்புக்கு 600. போட்டியில் ஆடும் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அந்த இறுதி ஆட்டத்தை யூடியூபில் எங்கள் வராந்தாவே கூடிப் பார்த்தது.

பார்க் அந்த அணிலை அன்புக்காக மட்டும் சேர்க்கவில்லை. அவருடைய பெரிய ஆயுதம் கியாரடோஸ். அதற்கு ஆபத்து மின்சாரம். பச்சிரிசுவிடம் ஃபாலோ மீ என்ற மூவ் உண்டு. அதைப் போட்டால் பக்கத்தில் நிற்பவனைக் குறிபார்த்து வரும் அடிகள் எல்லாம் இதன் பக்கம் திரும்பும். வரும் அடி மின்சாரமாக இருந்தால் அது பச்சிரிசுவுக்குச் சாப்பாடு, உயிர் ஏறும். இதே வேலையைச் செய்ய ரேஜ் பவுடர் என்ற மூவும் உண்டு. ஆனால் அந்த வருடத்து விதிப்படி அது புல் வகையினரிடம் பலிக்காது, ஃபாலோ மீ எல்லாரிடமும் பலிக்கும். சூப்பர் ஃபாங் எதிரியின் மிச்ச உயிரில் பாதியைக் கடித்து எடுக்கும். தாக்குதல் எண் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பாதி பாதிதான். நஸல் அடித்தால் கட்டாயம் பக்கவாதம். பலம் தேவைப்படாத மூவ்களாகப் பார்த்துப் பார்த்துக் கொடுத்து, புள்ளிகளைத் தாங்கும் சக்தியில் போட்டு, அந்த அணிலை ஒரு காவல்காரனாக்கியிருந்தார். அண்ணன் ஒவ்வொரு முறையும் வீடியோவை நிறுத்தி, "இவனை எடுத்துட்டா கியாரடோஸை யாருல காப்பாத்துவா?" என்று கேட்டார். ஆறாவது இடம் எப்படி நிரப்பப்பட வேண்டும் என்பதற்கு அதைவிடச் சிறந்த உதாரணத்தை நான் பார்த்ததில்லை.

அந்த வருட நவம்பரில் ஒமேகா ரூபி, ஆல்ஃபா சஃபையர் பதிப்புகள் வந்தன. மெகா சேபிள்ஐ என்ற புதியவன் வந்தான். நாம் போடும் ஸ்டெல்த் ராக்கை நம் பக்கமே திருப்பி அனுப்பிவிடுவான். ஸ்டால் அணிகளின் பலம் கூடியது, பத்துக்கு ஒருவர் என்ற அண்ணனின் கணக்கு மாறியது. அவர் வருத்தப்படவில்லை. நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, மறுபடி ஆறு கோடுகள் போட்டார். இந்த முறை கெல்டியோவுக்கு ஸ்பெக்ஸ். ஸ்கார்ஃப் லாண்டோரஸின் கழுத்துக்குப் போனது, கல் போடும் வேலைக்கு வேறு ஆள் தேட வேண்டி வந்தது. ஒரு துண்டுத் துணி இடம் மாறியதில் இரண்டு பேரை மாற்ற வேண்டியதாயிற்று. அவர் கல்லூரியை முடித்துப் போகும்வரை அந்த நோட்டு நிரம்பிக்கொண்டே இருந்தது.

வேலைக்குப் போன பிறகு நானும் ஆடுவதைக் குறைத்துக்கொண்டேன். இப்போது என் கூடப்பிறந்த அண்ணனின் மகனிடம் ஸ்விட்ச் கருவி இருக்கிறது. 2022இல் வந்த ஸ்கார்லெட்டில் அவன் அணி கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். வால்கரோனாவை அவனும் வைத்திருக்கிறான். கல்லைத் துடைக்க யார் என்று கேட்டேன்.

"பூட்ஸ் போட்டிருக்கு சித்தப்பா. கல்லெல்லாம் குத்தாது."

ஹெவி டியூட்டி பூட்ஸ். 2019இல் வந்த பொருள். அதை மாட்டிக்கொண்டால் ஸ்டெல்த் ராக் ஒன்றும் செய்யாது. எங்கள் காலத்தில் லாட்டியாஸுக்கென்று ஒரு முழு இடத்தையே ஒதுக்கினோம். அந்த இடத்தின் முக்கியக் காரணத்தை ஒரு ஜோடிச் செருப்பு தீர்த்துவிட்டது. போதாக்குறைக்கு டெரா என்ற ஒன்று. ஒரு ஆட்டத்தில் ஒரு முறை ஒரு போக்கிமான் தன் வகையையே மாற்றிக்கொள்ளலாம். வால்கரோனா மண் வகையாக மாறினால், நான்கு மடங்கு வலித்த பாறை அடி பாதியாகிவிடும். எங்கள் அம்புக்குறிகளில் பாதி அழிந்தது, அழிந்த இடத்தில் வேறு அம்புகள் முளைத்தன. அந்த ஆறு பேரில் யாருக்கு டெரா என்பது இப்போது ஏழாவது இடம் மாதிரி ஆகிவிட்டது. எனக்கு இது பிடித்திருக்கிறது. மாறாத விதிகளில் அணி கட்டினால் ஒரு நாள் எல்லாருடைய அணியும் ஒன்றாகிவிடும்.

பையனுடைய அணியில் ஆறாவதாக ஒரு டிராகன் இருந்தது. அது எதற்கு என்று கேட்டேன். நல்லா அடிக்கும் என்றான். அதை எடுத்துவிட்டால் மற்ற ஐந்தில் யாருக்குச் சிக்கல் என்று கேட்டேன். வெகுநேரம் திரையைப் பார்த்துவிட்டு, யாருக்கும் இல்லை என்றான். அடுத்த நாள் அந்த இடத்தில் இன்சினரோர் இருந்தது. உள்ளே வந்ததும் எதிரிகளின் தாக்குதலைக் குறைக்கும், ஃபேக் அவுட்டால் ஒருவனை ஒரு முறை அசையவிடாமல் நிறுத்தும். "இது இல்லேன்னா வால்கரோனாவுக்கு டான்ஸ் ஆட டைமே கிடைக்காது சித்தப்பா" என்று விளக்கினான். நான் சொல்லிக்கொடுத்தது ஒரு கேள்வியைத்தான், பதில் அவன் கண்டுபிடித்தது.

புதிதாக இந்த ஆட்டத்துக்கு வருகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உலக வெற்றியாளர்களின் அணிகள் இன்று இணையத்தில் அப்படியே கிடைக்கின்றன. நகல் எடுத்து ஒட்டினால் ஒரு நிமிடத்தில் ஆட ஆரம்பிக்கலாம். ஆட்டத்தின் போக்கு பிடிபட அது நல்ல வழிதான், தாராளமாக எடுத்து ஆடுங்கள். ஆனால் ஆறில் ஒரு இடத்தையாவது காலியாக்கி, அங்கே உங்களுக்குப் பிடித்த ஒன்றை வைத்து, அது அந்த ஐந்து பேருக்கு என்ன செய்யும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.